டாக்டர் பேசிய நானூறு வார்த்தை

“நேத்து டாக்டரு எனக்கிட்ட நானூறு வார்த்தை பேசினாராக்கும்.”

எலிசாள் இதைச் சொன்னதும் பெஞ்சில் இருந்த ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் நின்றது. அதுவே ஓர் அதிசயம். சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் டாக்டர் வன்னியபெருமாளின் வைத்தியசாலைச் சுவரை ஒட்டினாற்போல வற்றல்மிளகாய்க் கிட்டங்கி. மூட்டை இறக்கும் நேரத்தில் அந்த பெஞ்சில் கால்மணி நேரம் இருந்தால் கருங்கல் சிலைக்கும் இருமல் வரும். காலில் முள் தைத்து வந்தவன் இருமலுக்கும் சேர்த்து மருந்து வாங்கிக்கொண்டு போவான். அப்பேர்ப்பட்ட இடத்தில் இருமல் நின்றதென்றால், சொன்ன புளுகு எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏனென்றால் டாக்டர் வன்னியபெருமாள் பேசமாட்டார். ஊமையில்லை. முப்பது வருஷமாக மூன்றே வார்த்தையை வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் பாதிப் பேருக்கு வைத்தியம் பார்த்து வருகிறார். “நாக்கு” என்பார், நீட்ட வேண்டும். “மூச்சு” என்பார், இழுத்துவிட வேண்டும். “அடுத்தது” என்பார், எழுந்து போய்விட வேண்டும். அவருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது மூத்ததை எட்டிப் பார்த்துவிட்டு “அடுத்தது” என்றாராம். கம்போளத்தில் இதை நம்பாதவர் கிடையாது.

“நானூறா?” என்றார் மைதீன். கயிற்றுக் கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு மூலத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டவர். பெஞ்சில் பாதி உடம்பால்தான் உட்காருவார். “நாலுண்ணு சொல்லு எலிசாளே, நம்பிப் பாக்கலாம்.”

“நாலையும் நம்பாதேயும்,” என்று மருந்து ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கம்பவுண்டர் தங்கையன். அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும் ஒரு மழுங்கிய கத்தியும் இருக்கும். மாத்திரைகளைக் கத்தி முனையால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவார். எண்ணி எண்ணி, அவர் கை தானாகவே எண்ணும். பெஞ்சில் யார் எத்தனை தடவை ஏப்பம் விட்டார்கள் என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்.

“பெரியம்மை, ஒங்களுக்கு வரவொண்ணுக்கு மூணு வார்த்தை. ஞாயிறு இல்லை. நானூறு ஆகணும்ணா அஞ்சு மாசம் நடக்கணும். இந்தத் தட்டிக்குப் பின்னால நான் இருபத்தெட்டு வருஷமா இருக்கேன். எனக்க அப்பன் செத்ததுக்கு லீவு கேட்டேன். தலையை ஆட்டினாரு. ஒரு ‘ம்’ கிடையாது.”

“ஒனக்குச் சொல்லமாட்டாரு. ஒனக்க தரம் அவ்வளவுதான்.”

“அப்பிடி அவரு நானூறு வார்த்தை பேசினாருண்ணா, எவன் கேட்டாலும் உள்ளதுண்ணு நானே சாட்சி சொல்லுதேன். ஒங்க குழிமேல நிண்ணு வேணும்ணாலும் சொல்லுதேன்.”

“சொல்லுவே. சொல்லவைக்கப் போறேன்,” என்றாள் எலிசாள்.

அப்போது மைதீன் அந்தக் கேள்வியைக் கேட்டார். “செரி, நானூறு வார்த்தையில என்னதான் சொன்னாரு?”

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. எலிசாளுக்கு அந்த வித்தை மட்டும் எழுபத்தோரு வயதுவரை வாய்க்கவில்லை. ஆனால் அவள் சொன்னது என்ன என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு கட்டிலைப் பற்றித் தெரிய வேண்டும்.

எலிசாளின் உடம்பில் நோய் என்பது வழி தவறியும் நுழைந்ததில்லை. கொட்டைப்பாக்கைக் கடைவாயில் வைத்து உடைப்பாள். எழுபத்திரண்டாம் வருஷத்து மழையில் கம்போளத்தில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தபோது, அவளைக் கடித்த கொசு அவள் காலடியிலேயே செத்து விழுந்தது என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவள் ஆறு வருஷமாக வாரத்தில் ஆறு நாள் டாக்டரிடம் போய்வருகிறாள். திங்கள் முழங்கால், செவ்வாய் நெஞ்சு, புதன் காது, வியாழன் தலைசுற்று, வெள்ளி வாயு, சனிக்கிழமை எல்லாம் கொஞ்சங்கொஞ்சம். எதைச் சொன்னாலும் தங்கையன் அதே இளஞ்சிவப்பு மிக்சரை அவள் கொண்டுவரும் பழைய புட்டியில் ஊற்றி, பல்வெட்டிய காகிதத்தைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எலிசாள் அதில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. கொல்லையில் நிற்கும் வாழை மூட்டில் ஊற்றிவிடுவாள். ஆறு வருஷம் மிக்சர் குடித்த அந்த வாழை ஓட்டுக்கூரைக்கு மேலே போய், ஆள் உயரக் குலை தள்ளியது. பழத்தில் லேசாக ஓமவாட்டர் மணக்கும்.

பின்னே எதற்குப் போகிறாள்? ஒரே ஒரு சொல்லுக்காக. ‘டாக்டர் சொன்னாரு.’

அவள் மகன் தாசையன், தம்பானூர் பஸ் டிப்போவில் ஸ்டோர் கிளார்க். ஒன்பது வயதில் டைபாய்டு வந்து, பாயோடு சுருட்ட வேண்டிய நிலையில் கிடந்தவனை டாக்டர் வன்னியபெருமாள் பிழைக்கவைத்தார். அன்றுமுதல் அவனுக்குக் கர்த்தர் ஒன்று, டாக்டர் இரண்டு, டிப்போ மானேஜர் மூன்று. அம்மை அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அம்மை ஒரு முட்டை கேட்டால் “பாப்பம்” என்பான். அந்தப் பார்வை ஒரு வருஷம் எடுக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியது. அவள் வாழ்க்கையின் ஒரே உண்மையான வியாதி. டாக்டர் “நாக்கு” என்றார், இடுக்கியை விட்டு எடுத்தார், “அடுத்தது” என்றார். வீட்டுக்குத் திரும்பியபோது மருமகள் சரோஜம் கேட்டாள்: “டாக்டர் என்ன மாமி சொன்னாரு?”

அந்த வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. தாசையன் பத்திரிகையைத் தாழ்த்தினான். சரோஜம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இரண்டு முகம் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, “மூணு வார்த்தையில ரெண்டுதான் சொன்னாரு” என்றா சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“நித்தம் ஒரு முட்டை திங்கணுமாம்.”

மறுநாள் காலையில் முட்டை வந்தது. அவித்து, தோடு உரித்து, மிளகுபொடி தூவி. எலிசாள் அதை உடனே தின்னவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மாற்றுச் சேலை உடுத்திக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் புறப்பட்டாள்.

முட்டைக்குப் பின்னால் மீன்தலை வந்தது. குளிக்க வெந்நீர் வந்தது. டாக்டர் ரேடியோவை மெல்ல வைக்கச் சொன்னார், சாயாவில் சீனி தூக்கலாகப் போடச் சொன்னார், முன்னறைக் கட்டிலில் சன்னலோரம் படுக்கச் சொன்னார். அந்தக் கட்டிலில் படுத்தால் கம்போளம் முழுவதும் தெரியும். யார் எத்தனை முழம் துணி எடுக்கிறார்கள், எந்த மருமகள் அம்மைவீட்டுக்கு மூட்டையோடு போகிறாள், யாருடைய சவம் எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் படுத்தபடியே பார்க்கலாம். எலிசாளுக்குப் பரலோகத்தில் இடம் கொடுத்தால்கூட, “அங்க சன்னல் உண்டா?” என்றுதான் கேட்டிருப்பாள்.

அந்தக் கட்டிலுக்குத்தான் பொன்னம்மை வந்தாள்.

பொன்னம்மை சரோஜத்தின் அம்மை. களியக்காவிளைக்காரி. மகளின் பேறுகாலத்துக்கு நாற்பது நாள் என்று வந்தாள். “நாப்பது நாளைக்குத்தானே மாமி, அம்மைக்கு எனக்க பக்கத்தில இருக்கணும், நீங்க சாய்ப்பில படுத்துக்கிடுங்க,” என்றாள் சரோஜம். சாய்ப்பு என்பது அடுக்களைக்குப் பின்னால் ஓலை இறக்கிய இடம். விறகு, தேங்காய்த் தொண்டு, கோழிக்கூடு, இனி எலிசாள். நாற்பது நாள் போனது. பிறந்த பிள்ளை கவிழ்ந்தது, தவழ்ந்தது, நடந்தது. பொன்னம்மை கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

ஒருநாள் எலிசாள் மகனிடம் கட்டிலைக் கேட்டாள். மறுநாள் காலையிலேயே பொன்னம்மை குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மத்தியானம் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எனக்குச் சன்னல் காத்து கொள்ளணும்ணு டாக்டர் சொன்னாரு.”

தன் வெட்டுக்கத்தியை அடுத்த வீட்டுக்காரி கையில் பார்த்தவள்போல எலிசாள் நின்றாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். டாக்டரின் மூன்று வார்த்தையில் சன்னலும் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் அதை வாய்திறந்து சொல்ல முடியுமா? பொன்னம்மையின் சன்னல் பொய் என்றால் எலிசாளின் முட்டையும் பொய். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டாக்டர் சொன்னா கேக்கணும், சம்மந்தி,” என்றாள் எலிசாள்.

“கேக்காம பின்னே, சம்மந்தி,” என்றாள் பொன்னம்மை.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அந்த பெஞ்சில் பொன்னம்மைக்கும் ஓர் இடம். வீட்டில் பத்தியங்களின் சண்டை தொடங்கியது. பொன்னம்மைக்குக் கருவாடு என்றால் உயிர். கருவாட்டுப் புகை தனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதாக எலிசாள் வந்து சொன்னாள். கருவாடு நின்றது. எலிசாள் விடியற்காலம் நான்கரை மணிக்கு ஞானப்பாட்டு பாடுவாள், பாட்டுக்குப் பயந்து கோழியே கூவாது. விடியும்முன் சத்தம் கேட்டால் தன் இருதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதாகப் பொன்னம்மை வந்து சொன்னாள். பாட்டு நின்றது. ஒருத்திக்கு உப்பு ஆகாது, இன்னொருத்திக்குப் புளி ஆகாது. ஒருத்திக்குத் தேங்காய், இன்னொருத்திக்கு வற்றல்மிளகாய். கடைசியில் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஆகக்கூடியதாக மிஞ்சியது அவித்த மரச்சீனிக் கிழங்கும் வெந்நீரும். இரண்டு கிழவிகளும் அதைத் தின்றும் கொழுத்தார்கள். தாசையன்தான் இளைத்தான். அவன் பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டு, கடைசியில் ஓட்டைக்கு நடுவில் அங்கங்கே பெல்ட் இருந்தது.

இவ்வளவு ஆகியும் கட்டில் மட்டும் அசையவில்லை. எலிசாள் சாய்ப்பில் கோழிகளோடு படுத்து யோசித்தாள். சன்னல் காற்றைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வைத்தியசாலையிலிருந்து வந்த வரத்தே வேறாக இருந்தது. பேசவில்லை. மகனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். மருமகளையும் கூப்பிட்டாள்.

“டாக்டரு இண்ணைக்கு என்னை இருத்திவச்சுப் பேசினாரு. அரைமணிக்கூறு. சம்மந்திக்கு நெஞ்சில நோயாம். பரவுற நோயாம். அவளுக்குத் தெரியவேண்டாம், தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சுப்போகும்ணாரு. தட்டு தனி, தம்ளர் தனி. பிள்ளைய அண்டவிடப்பிடாது. முன்னறை ஆகாது, ஆளொதுங்கின இடத்தில கிடத்தணுமாம்.”

சொல்லிவிட்டு, சேலைத்தலைப்பால் வராத கண்ணீரைத் துடைத்தாள்.

தாசையன் அழுதான். சரோஜம் அழவில்லை. அடுத்த அரைமணி நேரத்தில் அவள் செய்த வேலைதான் எலிசாளையே அசரவைத்தது. கம்போளத்துக்குப் போய் ஓர் அலுமினியத் தட்டு வாங்கிவந்தாள். மாறிப்போகாமலிருக்க அதன் அடியில் ஆணியால் ஒரு சிலுவை கீறினாள். கட்டிலில் வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். பெற்ற தாயின் பாயை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்ச் சாய்ப்பில் போட்டாள்.

பொன்னம்மை முதலில் புதுத் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். “எனக்கா பிள்ளே வாங்கினே?” என்றாள். பேரப்பிள்ளை தத்தித் தத்தி அவளிடம் வந்தபோது சரோஜம் பாய்ந்து தூக்கிக்கொண்டாள்.

“பிள்ளைய ஏன் இழுக்கே?”

“டாக்டர் சொன்னாரும்மா.”

பொன்னம்மையின் கண் எலிசாளைத் தேடியது. எலிசாள் அப்போதே கட்டிலில் ஏறிச் சன்னலைத் திறந்து கம்போளத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். டாக்டர் சொன்னது பொய் என்று பொன்னம்மை எந்த வாயால் சொல்வாள்? தட்டைத் திருப்பி அடியில் இருந்த சிலுவையை விரலால் தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

இந்தக் கதையைத்தான் எலிசாள் வியாழக்கிழமை காலையில் பெஞ்சில் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நானூறு வார்த்தை என்று சொல்லிவிட்டு நாலு வார்த்தையாவது எடுத்துவிடாமல் இருக்க முடியுமா? சம்மந்தி பெயர், நோயின் பெயர், தட்டு, தம்ளர், எல்லாம் வந்தது. மைதீன் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

“பொன்னம்மையா? செவ்வாயும் வெள்ளியும் இதே இடத்திலயில்லா இருப்பா.”

பாதி உடம்பால் உட்கார்ந்திருந்தவர் முழு உடம்பாலும் எழுந்தார். மூலக்காரர் அவ்வளவு வேகமாக ஓடியதை அதற்கு முன்பும் பின்பும் கம்போளம் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பெஞ்சில் எலிசாள் மட்டும் இருந்தாள். சனிக்கிழமையும் அப்படியே. திங்கள்கிழமை மிளகாய்க் கிட்டங்கிச் சுமட்டுக்காரர்கள்கூட அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர் எலிசாளின் நாக்கைப் பார்த்து, மூச்சைக் கேட்டு, “அடுத்தது” என்றார். அடுத்தது இல்லை. வாசலை எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாக ஆள் உட்கார்ந்து வழுவழுவென்று தேய்ந்த பெஞ்சில் ஒரு பூனை படுத்திருந்தது. எலிசாள் போனபின் அவர் மருந்து ஜன்னலுக்கு வந்து நின்றார்.

“ஏன்?” என்றார்.

தங்கையன் கையிலிருந்த கத்தி நழுவியது. நாலாவது வார்த்தை. அவர் பயந்துபோய், அறிந்ததை எல்லாம் சொல்லிவிட்டார். முட்டையிலிருந்து அலுமினியத் தட்டுவரை. அதில் பாதியைக் கம்போளம் அவருக்குச் சொல்லியிருந்தது. டாக்டர் கேட்டார். ஆறு வருஷமாகத் தன் பெயரில் ஒரு வீடே உண்டு, உறங்கி, பட்டினி கிடந்திருக்கிறது. அவர் காத்துவைத்த மௌனத்தைக் கிழவிகள் இரண்டு பேர் எடுத்து இஷ்டம்போல எழுதியிருக்கிறார்கள். டாக்டர் கோபப்படவில்லை. ஒரு சீட்டில், ‘நாளை காலை. இரண்டு பேரையும் அழைத்து வரவும்’ என்று எழுதித் தாசையனுக்கு அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை எலிசாள் அந்தக் கட்டிலில் ஆறு ராத்திரி படுத்த சுகத்தோடு வந்தாள். சீட்டு எதற்கென்று தெரியாதுதான். ஆனாலும் என்ன, டாக்டர் பேசமாட்டார். “நாக்கு” என்பார், “மூச்சு” என்பார். மிச்சத்தை வீட்டுக்குப் போய் அவள்தானே சொல்லவேண்டும்?

டாக்டர் முதலில் பொன்னம்மையின் முதுகில் குழலை வைத்தார். அப்புறம் எலிசாளின் முதுகில். இதுவரை ஒருநாளும் அவ்வளவு நேரம் வைத்ததில்லை. குழலைக் கழற்றி மேசையில் வைத்தார். தொண்டையைக் கனைத்தார். துருப்பிடித்த கேட்டை முப்பது வருஷத்துக்கப்புறம் திறந்ததுபோல ஒரு சத்தம் வந்தது. தட்டிக்குப் பின்னால் தங்கையன் ஒரு டப்பா வைட்டமின் மாத்திரையைத் தட்டில் கொட்டி, கத்தியை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தைக்கு ஒரு மாத்திரை.

“தாசையா,” என்றார் டாக்டர். “உன் மாமிக்கு ஒரு நோயும் இல்லை. கோயில் மணிமாதிரி நெஞ்சு. நூறு வயசு இருப்பா. சன்னல் வேண்டாம், மருந்து வேண்டாம், இனி இங்கே வரவும் வேண்டாம். இன்னைக்கு மத்தியானமே களியக்காவிளை பஸ்ஸில் ஏத்திவிடு.”

பொன்னம்மை கும்பிட்டாள். மத்தியான பஸ் என்பது அவள் காதில் கொஞ்சம் பிந்தித்தான் விழுந்தது. விழுந்ததும் கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. களியக்காவிளையில் அவள் வீட்டைத் திறந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

“அப்போ அம்மை சொன்னது...” என்றான் தாசையன்.

“நான் சொன்னதுதான். சொன்னது உன் அம்மையைப் பத்தி. நோயாளிகிட்டே நேரா சொன்னா நெஞ்சு தாங்காது, அதனால சம்மந்தி பேரைப் போட்டுச் சொன்னேன். நோய் இவங்களுக்கு.”

எலிசாள் டாக்டரைப் பார்த்தாள். அவர் கண்ணுக்குள்ளே, ஆழத்தில், ஒரு சிரிப்பு இருந்தது. அதை அவள் மட்டும் பார்த்தாள். பொய் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“நாக்கு,” என்றார் டாக்டர்.

ஆறு வருஷப் பழக்கம். நாக்கு தானாக வெளியே வந்தது. அதை அப்படியே நீட்டவைத்துக்கொண்டு அவர் மேலே பேசினார். தட்டு தனி, தம்ளர் தனி. முன்னறை கூடாது, சாய்ப்புதான் நல்லது, விறகு மணம் நெஞ்சுக்கு இதம். முட்டை கூடாது. மீன்தலையைக் கண்ணால் பார்க்கவும் கூடாது. வெந்நீர் கூடாது, பச்சைத்தண்ணீரில் குளிக்க வேண்டும். பிள்ளை பக்கத்தில் போகக் கூடாது. பெஞ்சில் ஆளுக்கிடையில் உட்காரக் கூடாது, அதனால் இனி இங்கே வரக் கூடாது. சனிக்கிழமைதோறும் கம்பவுண்டரே மருந்து கொண்டுவருவார். வாழை மூட்டில் ஊற்றாமல், அவர் கண்முன்னால் குடிக்க வேண்டும்.

“வாழை மூட்டில்” என்றபோது நீட்டிய நாக்கு ஒருதடவை நடுங்கியது.

“கடைசியா ஒண்ணு,” என்றார் டாக்டர். குரல் கரகரத்துத் தேய்ந்துகொண்டிருந்தது. “இந்த நோய்க்கு எமன், பேச்சு. பேசப் பேச நெஞ்சு தேயும். அதனால ஒரு நாளைக்கு மூணு வார்த்தை. அதுக்கு மேலே ஒண்ணுகூடக் கூடாது. மூணு தாராளமாப் போதும். நான் முப்பது வருஷமா அதிலேதான் இருக்கேன்.”

எலிசாள் நாக்கை உள்ளே இழுத்தாள். இப்போது பேசலாம். ஒரே ஒரு வார்த்தை, ‘பொய்’. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. டாக்டர் இப்போது சொன்னது பொய் என்றால், டாக்டர் நேற்றுவரை சொன்னது? முட்டை? வெந்நீர்? சம்மந்தியின் தட்டில் கீறிய சிலுவை? தாசையன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, வேதவசனம் கேட்பவன்போல டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அவன் டாக்டரை நம்புவானா, அம்மையையா என்று எலிசாளுக்குத் தெரியும். ஆறு வருஷம் அவள்தானே உட்கார்ந்து அந்தப் பாடத்தை அவனுக்குப் படிப்பித்தது.

வந்த வார்த்தையை விழுங்கினாள். மீன்முள்ளைப்போல இறங்கியது.

“அடுத்தது,” என்றார் டாக்டர். அதோடு அவர் குரல் ஒரு வாரத்துக்குப் போய்விட்டது. அந்த ஒரு வாரம் அவர் விரலால் வைத்தியம் பார்த்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பொன்னம்மை மத்தியான பஸ்ஸுக்குப் போனாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். பையில் துணிகளுக்கு மேலே அந்த அலுமினியத் தட்டை வைத்தாள்.

“அதை ஏம்மா எடுக்கிறிய? மாமிக்கு வேணும்,” என்றாள் சரோஜம்.

“எனக்குள்ளதாக்கும்,” என்றாள் பொன்னம்மை. “நீ வாங்கித் தந்தது.”

சரோஜம் அன்று சாயங்காலமே வேறொரு தட்டு வாங்கிவந்தாள். கை பழகிவிட்டது, இரண்டாவது சிலுவை நேராக விழுந்தது. முன்னறைக் கட்டிலில் மூன்றாவதாக யாரும் படுக்கவில்லை. பிள்ளையின் துணிகளைக் காயவைத்து மடித்து அதில் அடுக்கினாள். துணிக்குச் சன்னல் காற்று நல்லதுதான்.

பெஞ்சுக்கு ஆள் திரும்பியது. மைதீன் எலிசாளின் இடத்தில் மற்றப் பாதி உடம்பையும் வைத்துக்கொண்டார். மூன்றாம் வாரமே எல்லோருக்கும் பழையபடி இருமல் வந்தது. கொல்லையில் மிக்சர் கிடைக்காத வாழை முதலில் ஓரம் கருகியது, அப்புறம் நடு வளைந்தது, ஓணத்துக்குள் மடங்கி விழுந்தது. எலிசாள் சனிக்கிழமைதோறும், வாழ்நாளில் முதல்முறையாக, அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரைக் குடித்தாள். அதுவரை இல்லாத முழங்கால்வலி அதற்கப்புறம் நிஜமாகவே வந்தது. அதை யாரிடம் சொல்வது, எத்தனை வார்த்தையில் சொல்வது?

மூன்று வார்த்தையைத் தாசையன் எண்ணினான். டிப்போவில் நட்டும் போல்ட்டும் எண்ணுகிறவன். ஒன்று கூடிவிட்டால், “அம்மே, போதும், நெஞ்சு தேயும்,” என்று பாசத்தோடு வாயைப் பொத்துவான். முதல் வாரம் எலிசாள் வார்த்தைகளை வீணடித்தாள். “கஞ்ஞியில உப்பு இல்லை” என்று ஒருநாள் செலவாயிற்று. “கோழி என்னைக் கொத்துது” என்று ஒருநாள். அப்புறம் அவளுக்குச் சிக்கனம் வந்தது. உப்பும் கோழியும் போனால் போகட்டும். இனி அவள் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல மூன்று வார்த்தை சரியாகப் போதும்.

அடுத்த வீட்டுக்கு மாடம்மாள் என்று ஒருத்தி புதிதாகக் குடிவந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை ஓலைவேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன கிழவி, இதுக்குள்ள கிடக்கே? வைத்தியம் ஒண்ணும் பாக்கலியா?” என்று கேட்டாள். தங்கையன் அப்போதுதான் புட்டியோடு வந்து, காகிதப் பல் ஒன்றைக் கணக்குப் பார்த்து மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எலிசாள் எழுந்து உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். அன்றைய நாளுக்கான முழுச் சொத்தையும் எடுத்து வெளியே வைத்தாள்.

“டாக்டரு நானூறு பேசினாரு.”

மாடம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆரு, அந்தக் கம்போளத்து ஊமை டாக்டரா? எனக்குக் கட்டி வந்தப்போ போனேனே. அறுத்து, தொடச்சு, கட்டுப்போட்டு, மூணு வார்த்தை. பாவம், கெழவிக்கு நோவு தலைக்கு ஏறியாச்சு. அப்பிடித்தானே கம்பவுண்டரே?”

எலிசாளிடம் அன்றைக்கு வார்த்தை மிச்சமில்லை. தங்கையனைப் பார்த்தாள். கொக்கு மீனைப் பார்ப்பதுபோல, கண் இமைக்காமல் பார்த்தாள்.

தங்கையன் மூடியை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் வாயைத் திறக்கவில்லை. கோழி ஒன்று அவர் காலுக்கிடையில் புகுந்து போனது. வேலிக்கு மேலே மாடம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் மூடியைப் புட்டியின் மேல் வைத்தார்.

“உள்ளதாக்கும்,” என்றார். “நான் எண்ணினேன். நானூத்திப் பன்னிரண்டு.”